முதல் மாடியின் சாவி

ஆள் இல்லாத ஆபீசில்தான் தூசி அதிகம் சேரும். பத்துப் பேர் நடமாடுகிற இடத்தில் தூசிக்கு உட்கார நேரம் கிடைக்காது. இந்த முதல் மாடியை வருஷக்கணக்கில் தனியாகத் துடைத்ததில் நான் தெரிந்துகொண்டது இது. அந்த ஓரத்து நாற்காலி வேண்டாம் மேடம், இப்படி வந்து உட்காருங்கள். அங்கே ஏசி நேராக முகத்தில் அடிக்கும்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். கான்சாபுரத்தில் தென்னந்தோப்புக் கிணற்றில் இருந்து பானுப்பிரியாவைப் பிணமாக எடுத்தார்கள். பிறகு தண்ணீரை இறைத்தபோது அடியில் ஒரு லேப்டாப் கிடந்தது. அதன் முதுகில் எங்கள் கம்பெனி ஸ்டிக்கர். மோட்டார் போடப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று வீட்டில் சொல்கிறார்கள். மோட்டார் போடப் போகிறவள் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டா போவாள் என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அப்படித்தான் யோசிக்க வேண்டும். அந்த லேப்டாப்பை அவளுக்குக் கொடுத்தது நான்தான். மற்றதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்டுச் சிரமப்பட வேண்டாம். ஆனால் முதலில் இருந்து கேளுங்கள். பாதியில் இருந்து கேட்டால் என்னை ஏதோ வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் கல்பனா. இந்த ராஜபாளையம் ஆபீசுக்கு அட்மின். பெயர்தான் அட்மின். டீத்தூள் வாங்குவதில் இருந்து வேலைக்கு ஆள் பிடிப்பதுவரை எல்லாம் என் தலையில்தான். கம்பெனி சென்னையில் இருக்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்லைச் சரிபார்த்து, அந்த ஊர் இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டுப் பணத்தைக் கேட்டு வாங்கித் தருகிற வேலை. அவர்களுக்கு விடியும்போது நமக்குச் சாயங்காலம், அப்போதுதான் இங்கே ஷிப்ட் ஆரம்பிக்கும். ஒரு பழைய நூல் மில்லின் குடோன் மேலே கண்ணாடி போட்டு இந்த மாடியைக் கட்டினார்கள். திறந்த புதிதில் இங்கே இருந்தது நாற்காலிகளும் நானும்தான்.

பெண்பிள்ளைகள் டிகிரி முடித்துவிட்டுச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சும்மா இருந்தார்கள். மில் வேலை என்றால் வேன் வரும், அனுப்புவார்கள். இது பொழுது சாய்ந்து போய் நடுராத்திரி திரும்புகிற வேலை, அதுவும் முன்பின் தெரியாத ஆம்பிளைகளோடு போனில் பேச்சு. கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் விடவில்லை. வீடு வீடாகப் போனேன். மில்லில் நடக்கிற மாதிரியே வாசலுக்கு வேன் வரும், வேனில் நானே இருப்பேன், திரும்பக் கொண்டுவந்து வாசலில் விடுவேன் என்றேன். வேலையில் சேருகிற அன்று அப்பாவோ அண்ணனோ வெற்றிலை பாக்குத் தட்டோடு ஆபீசுக்கு வருவார்கள். வாசலில் மாட்டியிருக்கிறதே ஆண்டாள் படம், அதற்கு முன்னால் சூடம் ஏற்றுவோம். பெண்ணின் கையைப் பிடித்து என் கையில் வைப்பார்கள். சென்னையில் இருந்து வந்த எச்.ஆர். பையன் இதைப் பார்த்துவிட்டு, என்ன மேடம் கல்யாணமா என்று சிரித்தான். சிரிக்கட்டும். அவன் ஊரில் விளம்பரம் போட்டால் ஆள் வரும். இங்கே வாக்குக் கொடுத்தால்தான் வரும்.

பானுவின் அப்பா தங்கப்பாண்டியன் அப்படித்தான் வந்தார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை, அந்த மீசைக்குப் பொருந்தாத மெல்லிய குரல். மகளின் கையை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இவள ஒங்க கையில விட்டுட்டுப் போறோம் தாயி. எதுவும் ஒண்ணுன்னா வேற யாருக்கும் சொல்லப்படாது, மொதல்ல எங்களுக்குத்தான் சொல்லணும். பொறவு நாங்க பாத்துக்கிடுதோம்."

சொல்லுகிறேன் என்று சூடத்தின் மேல் கையை நீட்டினேன். இந்த வாக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வாக்கு மீறுகிறவள் இல்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். போன வீட்டில் வாசல் கதவைத் திறக்க மாமியாரிடம் கேட்க வேண்டும். எதற்கு என்று சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் எங்கே நின்றாய், யாரோடு பேசினாய் என்று ஒப்பிக்க வேண்டும். கணவர் கெட்டவர் இல்லை, வாய் திறக்காதவர். அந்த வீட்டில் அது கெட்டவராக இருப்பதைவிட மோசம். எனக்கென்று முதன்முதலாக ஒரு சாவி கிடைத்தது இந்த ஆபீசில்தான். இதோ இடுப்பில் தொங்குகிறதே, இது. இதை வைத்துக் கதவைத் திறக்கும்போது நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அப்படி எனக்குக் கிடைத்ததை இந்தப் பெண்களுக்கும் கொடுத்தேன். ஷிப்ட் நடுவில் டீ குடிக்கும்போது அவர்கள் சிரிக்கிற சிரிப்பு கீழே குடோன்வரை கேட்கும். வீட்டில் அப்படிச் சிரிக்க முடியுமா? புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போவோம், நம் ஊர்ப் பெருமாள் மலைக்கு. பெருமாளைப் பார்த்துவிட்டு வருகிற வழியெல்லாம் பாட்டுத்தான்.

பிறகு கொரோனா வந்தது. எந்த வேனில் பெண்களை அழைத்துவந்தேனோ அதே வேனில் லேப்டாப்புகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மாசம் என்றார்கள். அது வருஷங்களாக நீண்டது.

ஆபீசை நான் சாகவிடவில்லை. தினமும் வந்து விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுவேன். கம்ப்யூட்டரில் பூஞ்சை பிடித்துவிடும் என்று ஏசியைப் போடுவேன். கைரேகை மெஷினில் காலையும் மாலையும் விரல் வைப்பேன், அதுவும் எனக்கு நன்றி சொல்லும். ஒரு நாளைக்கு ஒரு நாற்காலியில் உட்காருவேன், இல்லாவிட்டால் சக்கரம் இறுகிவிடும். முனீஸ்வரி சீட்டில் ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருக்கும். பானு சீட்டில் ஒரு பச்சைச் சீப்பு. எதையும் நகர்த்தவில்லை. வாட்ச்மேன் மொக்கைச்சாமி அண்ணன் கீழிருந்து பார்த்துவிட்டு, யாருக்கும்மா இம்புட்டு கரண்டு என்று கேட்பார். வருகிறவர்களுக்கு என்பேன். அவர் கேட்டைச் சாத்தப் போய்விடுவார்.

அவர்கள் வரவில்லை. நோய் போனது, பள்ளிக்கூடம் திறந்தது, கல்யாண மண்டபங்கள் நிறைந்தன. இவர்கள் மட்டும் வரவில்லை. வீட்டிலேயே நல்லா இருக்குக்கா என்றார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நான் வாசல் வாசலாக நின்று இழுத்துவந்தவர்கள் மறுபடியும் அதே அடுப்படிக்குள் போய், காதில் ஹெட்செட்டும் கையில் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். நாலு சுவரை விட்டு வெளியே வந்தவளுக்கு மறுபடி அதே நாலு சுவர் இனிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இந்த வருஷம் ஆடியில் சென்னையில் இருந்து சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்குள் நாற்காலிகள் பாதியாவது நிறையாவிட்டால் கட்டடத்தை ஒப்படைத்துவிடுவோம், நீங்களும் வேறு பார்த்துக்கொள்ளுங்கள் மேடம் என்று. வேறு என்றால் என்ன மேடம்? வாசல் கதவைத் திறக்கக் காரணம் சொல்ல வேண்டிய அந்த வீடுதான்.

முதலில் சோழபுரத்து முனீஸ்வரி. அவளை எத்தனை தடவை கூப்பிட்டும் வரவில்லை. ஒருநாள் அவள் மாமியாரைச் சந்தையில் பார்த்தேன். உங்கள் மருமகள் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு பாதி நேரம் படம் பார்க்கிறாள், ஆபீசில் இருந்தால் நான் கண்டிப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அது உண்மையில்லை. அடுத்த வாரமே முனீஸ்வரி வேனில் ஏறினாள். கன்னத்தில் ஒரு வீக்கம், கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். நான் ஐஸ் வாங்கிவரச் சொல்லி ஒத்தடம் கொடுத்தேன். அவள் உட்கார்ந்ததும் அந்த வரிசைக்கே உயிர் வந்தது. ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பலன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னும் சிலரை அப்படிக் கொண்டுவந்தேன். பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் குடும்பம் நடத்துகிறார்கள்.

பானு விஷயம் வேறு. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டு மாடியில் வைக்கோல் போட்டிருந்த அறையைச் சுத்தம் செய்து, சொந்தக் காசில் இணைப்பு வாங்கி, ஒரு மேஜை போட்டுக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, அதை மறைக்க வேண்டியதில்லை. நான் நேரில் போய்க் கேட்டேன். பானு, நீ ஒருத்தி வந்தால் மற்றவர்கள் தன்னால் வருவார்கள் என்றேன். அவள் எனக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, ஆபீசுக்கு வந்தா ஒங்க கண்ணு முன்னால இருக்கணும். கீழ எறங்குனா அம்மா கண்ணு முன்னால இருக்கணும். இந்த ரூம்ல மட்டுந்தான் எனக்குன்னு ஒரு கதவு இருக்கு. தப்பா நெனைக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் என்னையும் அவள் அம்மாவையும் ஒரே தட்டில் வைத்தாள் பாருங்கள், அது உறுத்தியது. அந்த அறைக்குப் போகிற தைரியத்தை அவளுக்குக் கொடுத்தது யார்? வீட்டுக்கு வந்து சேருகிறவரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருப்பேன். ஆவணியில் ஒரு வீடியோ மீட்டிங். சென்னையில் அவளுடைய டீம் லீடர் பாலகணேஷ் ஒரு விஷயத்தை அறிவித்தான். புதிதாக எடுக்கிற பெண்களுக்கு இனி பானுப்பிரியாவே ட்ரெயினர், வீட்டில் இருந்தே சொல்லிக்கொடுப்பாள், எந்த ஊர்ப் பெண்ணும் தன் வீட்டில் இருந்தே படித்துக்கொள்ளலாம் என்றான். மேலதிகாரிகள் கைதட்டினார்கள். ஒருவர் கேட்டார், அப்படியானால் ராஜபாளையம் கட்டடம் நமக்கு எதற்கு என்று. பானு சிரித்துக்கொண்டே, தேவையில்லை சார் என்றாள். நான் இந்த ஹாலில், முழு விளக்கும் போட்டுக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை திருவண்ணாமலைக்குப் போனேன். இந்தத் தடவை வேன் இல்லை, டவுன் பஸ்ஸில் தனியாக. அடிவாரத்தில் பானுவின் குடும்பம் நின்றது. ஒவ்வொரு வருஷமும் அந்தச் சனிக்கிழமை அவர்கள் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் அண்ணன் வேல்பாண்டி மிலிட்டரியில் இருந்து லீவில் வந்திருந்தான். பானு என்னைப் பார்த்ததும் கையாட்டிவிட்டு, அக்காவுக்குப் பிரசாதம் வாங்கிவாரேன் என்று கூட்டத்துக்குள் போனாள். அந்த இடைவெளியில்தான் நான் அவனிடம் பேசினேன்.

என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். நீங்கள் என்னிடம் கையைக் கொடுத்து ஒப்படைத்த பிள்ளை, சொல்லாமல் இருக்க முடியவில்லை என்று ஆரம்பித்தேன். ஷிப்ட் முடிந்த பிறகும் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள் என்றேன். அது உண்மை. புதிய பெண்களுக்குப் பாடம் எடுக்க டீம் லீடரோடு பேசித்தான் தீர வேண்டும். தினமும் கூப்பிடுகிறவன் பாலகணேஷ் என்று பெயரைச் சொன்னேன். அதுவும் உண்மை. பாலகணேஷுக்குப் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருப்பதை நான் சொல்லவில்லை, வேல்பாண்டியும் கேட்கவில்லை.

வேல்பாண்டி என்னைக் கூட்டத்தில் இருந்து ஓரமாக அழைத்துப்போனான். பிறகு, "நெசமாத்தான் சொல்லுதீகளாக்கா?" என்றான்.

"தீபாவளிக்கு மெட்ராசுக்கு அவங்கிட்டயே கெளம்புதா. டிக்கெட் போட்டாச்சு," என்றேன்.

அது நான் சேர்த்தது. அது மட்டும்தான்.

அவன் அடுத்து ஒரு கேள்வி கேட்டான். "அவன் யாரு வீட்டுப் பய?" அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நானும் அவர்கள் வகையறாதான் மேடம், எங்கள் ஆட்களில் யார் என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய ஆள் என்றுதான் கேட்பார்கள். நம்ம ஆள் இல்லை என்று பதில் சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான், கோபம் எதுவும் காட்டவில்லை.

பானு தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். சூடா இருக்கு, பாத்துக்கா என்று என் கையில் வைத்தாள். சாப்பிட்டேன். நெய் நிறைய விட்டிருந்தார்கள், நன்றாக இருந்தது.

அண்ணன் மிரட்டுவான், லேப்டாப்பைப் பிடுங்குவான், அந்த அறையைப் பூட்டுவான், வேலைக்குப் போவதாக இருந்தால் கல்பனா அக்கா கண் முன்னால் போ என்று வேனில் ஏற்றிவிடுவான். இதுதான் என் கணக்கு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். முனீஸ்வரிக்கு அப்படித்தானே நடந்தது. முதல் சில நாள் என்னிடமே நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நீங்கள் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன். எங்கள் சின்னையாவுக்கு ஒரு மகள் இருந்தாள். நான் பாவாடை கட்டிய வயது. அவளைப் பற்றி யாரோ ஒரு வார்த்தை சொன்னார்கள். மறுநாள் வயிற்றுவலி என்றார்கள், பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள். வீட்டில் யாரும் அதற்குப் பிறகு அவள் பெயரைச் சொல்லவில்லை. அந்த வார்த்தை என்ன வார்த்தை என்று பெரியவளானதும் தெரிந்துகொண்டேன். அதே வார்த்தையைத்தான் வேல்பாண்டியிடம் சொன்னேன். மாமியாரிடம் சொல்கிற வார்த்தை வேறு, லீவில் வந்திருக்கிற அண்ணனிடம் சொல்கிற வார்த்தை வேறு. இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கை அவனுடையது. அதை அவனிடம் போய்க் கேளுங்கள். லீவு முடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டான் என்று கேள்வி. வார்த்தை என்னுடையது, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. நான் வளர்த்த பிள்ளை. அவள் சாவுக்குத் துட்டி கேட்கப் போனபோது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன், அந்த அழுகையில் பொய் இல்லை.

அந்தத் துட்டி வீட்டில்தான் ஒன்று நடந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், வீட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டரைக் கொடுத்தால் பெண்பிள்ளை கெடாமல் என்ன செய்யும் என்று. ஒருத்தி என்னைப் பார்த்து, ஒங்க ஆபீசுலயே இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா தாயி என்று கேட்டாள். ஆகியிருக்காது என்றேன். பானுவின் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க வந்து கூப்பிட்டப்பமே அனுப்பாம விட்டுட்டமே என்று அழுதாள்.

காரியம் முடிந்த மறு வாரம் போன் வர ஆரம்பித்தது. அப்பாக்கள், அண்ணன்கள், புருஷன்கள். எங்கள் ஊருக்கும் வேன் வருமா என்று கேட்டார்கள். சிலர் வேலையையே நிறுத்திவிட்டார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. மற்றவர்கள் மறுபடி வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். மறுபடி சூடம், மறுபடி கை. தீபாவளிக்கு முன்னாலேயே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. சென்னையில் இருந்து எனக்கு இனிப்புப் பெட்டி அனுப்பினார்கள். கட்டடம் இருக்கிறது. அந்த ஓரத்து நாற்காலி மட்டும் காலி, நீங்கள் முதலில் உட்காரப் போனீர்களே, அது. ஏசி காரணம் இல்லை. அவள் சீப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் யாரையும் உட்காரவைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஓர் இடம் வேண்டாமா?

நீங்கள் என்னை அழைத்துப்போகலாம். வருகிறேன். சாவியை முனீஸ்வரியிடம் கொடுத்துவிட்டு வருகிறேன், அவளுக்கு எல்லாம் பழக்கப்படுத்தியிருக்கிறேன். வாக்குமூலத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். ஒரு கட்டடத்தை இழுத்து மூடிவிட்டு ஒவ்வொருத்தியையும் அவரவர் வீட்டுக்குள் விட்டால் என்ன நடக்கும் என்று இந்த ஊரில் யோசித்தவள் நான் ஒருத்திதான். வீட்டுக்குள் இருக்கிற பெண்ணுக்கு எந்த நேரத்தில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும்.

கீழே சத்தம் கேட்கிறதா? வேன் வந்துவிட்டது. ஐந்து நிமிஷம் இருந்து பாருங்கள். படியேறி வருவார்கள், செருப்பை வரிசையாக விடுவார்கள், மெஷினில் விரலை வைத்துவிட்டு அவரவர் இடத்தில் போய் உட்காருவார்கள். முன்னால் மாதிரிச் சிரிப்பும் கும்மாளமும் இப்போது இல்லை. டீ குடிக்கும்போதுகூடத் தலையை நிமிர்த்த மாட்டார்கள். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள், நான் அப்படிச் சொல்லவே இல்லை.

பயந்துபோய் வருகிறார்கள் என்று உங்கள் முகம் சொல்கிறது. இருக்கட்டும் மேடம். வருகிறார்கள்.